ஈசான்ய மூலைச் சேறு

என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் கிடையாது. எழுதாமல் விட்டதல்ல, எழுதியதை என் பேராசிரியர் எடுத்துப் போட வைத்தார். அதோடு விட்டிருந்தால் கூடப் போகட்டும் என்று இருந்திருப்பேன். அந்த அத்தியாயத்தில் நான் கண்டுபிடித்துச் சொன்ன ஓர் உயிர் இந்த உலகத்தில் இல்லவே இல்லை என்று என் கையாலேயே எழுத வைத்தார். அன்றிலிருந்து அந்த மனுஷன் வாயால் "இருக்கு" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று காத்திருந்தேன். பொறுமைசாலி என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குப் பொறுமை என்பதே கிடையாது, வன்மம் மட்டும்தான் உண்டு. அது பொறுமையைவிட நன்றாகக் காத்திருக்கும்.

பாக்டீரியாவை எப்படிப் பிடிப்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கண்ணாடித் தட்டில் கூழ் மாதிரி உணவை ஊற்றி, இறுகியதும் அதன்மேல் மண்ணையோ சாக்கடையையோ ஒரு சொட்டுத் தடவி, சூடான பெட்டிக்குள் வைத்தால் மறுநாள் புள்ளி புள்ளியாக வளர்ந்து நிற்கும். அப்படி வளர்வது கொஞ்சம். மண்ணில் இருப்பவற்றில் பெரும்பாலானவை நம் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அவற்றைப் பிடிக்க வேறு வழி உண்டு. சேற்றை அப்படியே எடுத்து அதற்குள் இருக்கும் டிஎன்ஏ மொத்தத்தையும் உருவ வேண்டும். எல்லா பாக்டீரியாவிலும் பொதுவாக இருக்கும் ஒரு மரபணுவை மட்டும் குழாய்க்குள் பெருக்கி, எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும். அந்த எழுத்து தெரிந்த யாரோடும் ஒத்துப்போகவில்லை என்றால் புது ஆள் என்று அர்த்தம். அது உருண்டையா நீளமா, என்ன தின்னும், என்ன செய்யும், எதுவும் தெரியாது. வளர்த்துக் காட்டாதவரை அதற்கு முறையான பெயர்கூட வைக்க மாட்டார்கள். ஒரு எண் கொடுத்து, வளர்க்கப்படாதது என்று எழுதி ஓரமாக வைத்துவிடுவார்கள்.

என் ஆள் கிடைத்தது என் மாமாவின் வயலில். தாராசுரம் தாண்டித் தஞ்சாவூர் போகிற சாலையை ஒட்டிய வயல் அது. அதன் வடகிழக்கு மூலையில் ஒரு பள்ளம். அறுவடை முடிந்து மற்ற இடமெல்லாம் காய்ந்தாலும், வடிகால் பக்கத்திலேயே ஓடியதால் அங்கே மட்டும் கறுப்பாகச் சேறு நிற்கும். காலை விட்டால் முழங்கால்வரை போகும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். மாமா அந்த மூலையில் நட்டதெல்லாம் வீண் என்று திட்டிக்கொண்டே இருப்பார். நான் அதைத்தான் பாட்டிலில் அடைத்துக் கொண்டுபோய் ஆய்வுக்கூட ஃப்ரீசரில் வைத்தேன்.

எழுத்துப் படிக்கிற இயந்திரம் எங்கள் ஊரில் கிடையாது. குழாய்களை ஐஸில் வைத்துக் கூரியரில் பெங்களூருக்கு அனுப்ப வேண்டும். வந்த எழுத்தை உலகத்தில் உள்ளவற்றோடு ஒப்பிட, கும்பகோணத்தில் பேருந்து நிலையத்துக்கு எதிரே புதிதாகத் திறந்திருந்த பிரவுசிங் சென்டருக்குப் போவேன். பக்கத்துத் தடுப்பில் ஒருவன் சிங்கப்பூர் வேலைக்கு விண்ணப்பம் அடித்துக்கொண்டிருப்பான், அந்தப் பக்கம் ஒருவன் அமெரிக்க விசாவுக்கு. ஊரே கிளம்பிக்கொண்டிருந்த காலம். நடுவில் உட்கார்ந்து நான் மாமா வயலின் சேற்றை உலகத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். பட்டியல் வந்தது. கிட்டத்தில் ஒருத்தரும் இல்லை, தூரத்துச் சொந்தம்கூடச் சரியாக இல்லை. "ஐயோ, புதுசு!" என்று கத்திவிட்டேன். கடைக்காரர் எழுந்து வந்து, "மேடம், இங்க எல்லாரும் முக்கியமான வேலை பாக்குறாங்க" என்றார்.

மறுநாள் பேராசிரியரிடம் ஓடினேன். அவர் தாளை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இது பிசிஆர்ல பொறந்த பேய்ம்மா."

அந்தச் சந்தேகம் நியாயமானதுதான், பொய் சொல்லக் கூடாது. பிசிஆர் என்கிற அந்த முறையில் குழாய்க்குள் பெருக்கும்போது சில சமயம் ஒரு பாக்டீரியாவின் பாதியும் இன்னொன்றின் பாதியும் ஒட்டிக்கொண்டு, எங்குமே இல்லாத ஒரு மூன்றாவது ஆள் தாளில் வந்து நிற்பதுண்டு. அதைத் தீர்க்க வழியும் உண்டு. அதே சேற்றில் தனியாக, வேறொரு தடவை முதலிலிருந்து செய்து, அதே எழுத்து மறுபடி வருகிறதா என்று பார்த்தால் போதும். பேய் அச்சு மாறாமல் இரண்டு தடவை வராது. அதைச் சொன்னேன்.

"அதெல்லாம் சுத்து வழி. வளத்துக் காட்டு, கையெழுத்துப் போடறேன். வளராதது இல்லாதது. புரியுதா?"

எல்லாரும் இருக்கும்போதுதான் இதையெல்லாம் சொல்வார். அன்று முதல் ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பேயோட்டி என்று பெயர். அவர் வைத்த பெயர்தான். அவர் சொன்னதும் மற்ற மாணவர்கள் கடமைக்குச் சிரிப்பார்கள், அவர் அறைக்குள் போன பிறகு உண்மையாகவே சிரிப்பார்கள். அதே நேரத்தில் ஜெர்மனியிலிருந்து ஒரு ஆய்வுக்கூடம், நெல் வயல் சேற்றைப் பற்றி வேலை செய்கிறவர்கள், இந்த அத்தியாயத்தோடு பட்டம் வாங்கிக்கொண்டு வா, இடம் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். ஆக, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜந்து வளர்ந்தால் நான் விமானம் ஏறுவேன், வளராவிட்டால் இங்கேயே கிடப்பேன்.

அது வளர வேண்டும் என்று நான் செய்யாத கூத்தில்லை. அதற்குக் காற்று ஆகாது என்று ஊகித்து, ஜாடிக்குள் தட்டோடு மெழுகுவர்த்தியும் ஏற்றி மூடி, எரிந்து அணையவிட்டேன். அது போதாது என்று தெரிந்ததும் சிலிண்டரிலிருந்து நைட்ரஜனை ஓட்டிக் காற்றை விரட்டினேன். வைக்கோல் ஊறிய தண்ணீர் கொடுத்தேன். நாற்றின் வேரைக் கசக்கிய சாறு கொடுத்தேன். அந்தச் சேற்றையே காய்ச்சி வடிகட்டி ரசம் மாதிரிக் கொடுத்தேன். வேறு என்னென்னவோ தடிமாடு மாதிரி வளர்ந்தன, இது வரவில்லை. "பெத்த புள்ளைக்குக்கூட இவ்வளவு பக்குவம் யாரும் பாக்க மாட்டாங்கடி" என்றாள் அம்மா. மின்சாரம் போய்ப் பெட்டி சூடு இழக்கும் நாட்களில் ஜாடியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பேராசிரியர் அந்தப் பக்கம் போகும்போது, "என்ன, பால் குடிச்சுதா?" என்பார். அதற்கும் சிரிப்பார்கள்.

கடைசியில் வளர்ப்பதை விட்டேன். அவர் என்ன சொன்னாலும் சரி, ஃப்ரீசரில் இருக்கும் சேற்றை மறுபடி முதலிலிருந்து செய்து, இரண்டாவது தடவையும் அதே எழுத்தைக் கொண்டுவந்து முகத்தில் எறிவது என்று முடிவு கட்டினேன். ஆயுத பூஜை விடுமுறை முடிந்ததும் ஆரம்பிக்கலாம் என்று இருந்தேன். நாங்கள் வேதக்கார வீடு. ஆனாலும் வருஷா வருஷம் என் இயந்திரங்களுக்கு நானே சந்தனம் வைப்பேன், பொரி கடலைக்கு முதல் ஆளாக நிற்பேன். அந்த வருஷம் அம்மா விடவில்லை. வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போய்விட்டாள். எதற்குத் தெரியுமா? அந்தப் பாழாய்ப்போன பாக்டீரியா எப்படியாவது வளர வேண்டும் என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற.

திரும்பி வந்து ஆய்வுக்கூடத்தைத் திறந்தேன். தரை பளபளத்தது. சுவரில் மாவிலை. நுண்ணோக்கி, தராசு, ஃப்ரீசர் எல்லாவற்றுக்கும் பட்டையும் குங்குமமும். ஃப்ரீசர் கதவு மட்டும் காற்றாட அகலத் திறந்து கிடந்தது. ஜன்னல் ஓரத்தில் என் சேற்று பாட்டில்கள் வரிசையாக நின்றன, கண்ணாடி மாதிரிக் கழுவித் துடைத்து. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமப் பொட்டு.

சுத்தம் செய்கிற அக்காவைக் கூப்பிட்டேன். ஜன்னலைக் காட்டினேன்.

"சார்தாம்மா சொன்னாரு" என்றார் அவர். "பூஜை வைக்கிற எடத்துல நாத்தம் புடிச்ச சேத்தை ஏன் வச்சிருக்கீங்க, எல்லாத்தையும் எடுத்துக் கொட்டிட்டுக் கழுவுன்னாரு. கை விட்டுத் தேச்சேன் பாப்பா, எவ்வளவு கறை!"

அவரை என்ன சொல்வது? பேராசிரியர் அறைக்குப் போனேன். பொரி தின்றுகொண்டிருந்தார். ஒரு கை அள்ளி என்னிடம் நீட்டினார்.

"சேறுதானம்மா. வயல் எங்கயும் ஓடிப் போயிடலையே. வா, நானே வரேன். உன் பேய் இருக்குற எடத்தை நானும் பாக்குறேன்."

அவரே காரை எடுத்துக்கொண்டு வந்தார். நல்ல மனசு என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. வயல் வெடித்துக் கிடந்தது, அந்தப் பள்ளம்கூட முதல் தடவையாகக் காய்ந்து ஓடு ஓடாகப் பெயர்ந்திருந்தது. காய்ந்த மண்ணை எடுத்துப் பிரயோஜனமில்லை, மழை வந்து சேறு கட்டிய பிறகுதான் எடுக்க முடியும் என்று சொன்னேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. சாவிக் கொத்தில் தொங்கிய சின்னத் திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளத்துக்கு நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அடடா. ஈசான்யம் பள்ளமா இருக்கு. அதுவும் தண்ணி நிக்கிற பள்ளம். வாஸ்துப்படி இது தங்கம். வீடு கட்டினா தண்ணிக்குப் போரை இங்கதான் போடணும்." மாமாவைப் பார்த்துத் திரும்பினார். "சதுர அடி என்ன போகும்?"

மாமா சிரித்துவிட்டார். "என்னங்க சார், வயலைப் போய் அடிக் கணக்குல கேக்குறீங்க? ஒரு மா நிலம் என்ன விலைன்னு கேளுங்க."

"நான் அடிக் கணக்குல குடுத்தா வாங்கிப்பீங்கள்ல?"

மாமாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் மகன் சிங்கப்பூர் போக வேண்டும் என்று வீட்டில் சாப்பிடாமல் படுத்துக் கிடந்த நேரம் அது. பேராசிரியரின் சகலை மனை போட்டு விற்கிறவர் என்பது எனக்கு அன்றைக்கு வரப்பு மேல் நிற்கும்போதுதான் தெரிந்தது. ஒரு உயிரைக் காட்டக் கூட்டிப்போனேன், அந்த ஆள் மனை பார்த்துவிட்டு வந்தார்.

தீபாவளி தாண்டி மழை பிடித்தது. மண் எடுக்கிற இரும்புக் குழாயும் புது பாட்டில்களுமாகப் பேருந்தில் போய் இறங்கினேன். வயலைக் காணோம். மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் நட்டு, லாரி லாரியாகச் சவுடு மண் கொட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் வளைவு வைத்து ஏதோ ஒரு நகர் என்று எழுதியாகிவிட்டது. நான் ஓடிப்போய் லாரிக்கு முன்னால் நின்றேன். "யாரும்மா நீ, சாவறதுக்கு வந்தியா?" என்றார் ஓட்டுநர். பள்ளம் இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு மண் நின்றது. ஓரத்தில் குழாயை இறக்கிக் கிடைத்ததை அள்ளி வந்து செய்து பார்த்தேன். எங்கிருந்தோ வந்த சவுடு மண்ணின் குப்பைதான் வந்தது. அக்கம்பக்கத்து வயல்களில் முன்னமே தேடியிருந்தேன், எதிலும் அது இல்லை.

மாமாவிடம் போய்க் கத்தினேன். "என்ன பாப்பா இது, சேறுதானே, எங்க பாத்தாலும் கெடைக்கும்" என்றார். "உன் வாத்தியாரே அந்த மூலை மனையை எடுத்துக்கிட்டாரு. படிச்ச மனுஷன், எவ்வளவு நம்பிக்கையா வாங்குறாரு பாரு." நான் அவர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தேன். அவர் மகன் சிங்கப்பூர் போனான். போன புதிதில் வாராவாரம் போன் செய்தான், பிறகு பொங்கலுக்குப் பொங்கல்.

அதற்கப்புறம் பேராசிரியர் அறையில் நடந்தது ரொம்பச் சின்ன விஷயம். அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும். கூடவே, முதலில் கிடைத்த எழுத்து வரிசை ஆய்வுப் பிழை, அப்படி ஓர் உயிரி இல்லை என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். உடனே கையெழுத்துப் போடுவார். "அது இருக்குன்னு உனக்கே நிச்சயமாத் தெரியுமா?" என்று கேட்டார். வீட்டில் அப்பா படுக்கையில் இருந்தார், பட்டம் வாங்கினால்தான் எனக்கு எங்கேயாவது வேலை கிடைக்கும். அழுதுகொண்டே எழுதினேன் என்று சொல்ல ஆசைதான். அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் புது வீட்டின் வரைபடத்தை எடுத்துக் காட்டினார். போர் எங்கே என்று விரல் வைத்துக் காட்டினார். ஜெர்மனிக்காரர்கள் மிக மரியாதையாக, வருந்துகிறோம் என்று எழுதிவிட்டார்கள்.

நான் ஜெர்மனி போகவில்லை, கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடை மாடிக்குப் போனேன். அங்கே தண்ணீர் பரிசோதனைக் கூடம் வைத்தேன். ஊரில் தெருவுக்குத் தெரு கேன் தண்ணீர் போடத் தொடங்கியிருந்தார்கள். கல்யாண மண்டபம், ஓட்டல், ஆஸ்பத்திரி, எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். கீழே பித்தளைக் குடத்தைத் தட்டித் தட்டி விற்கும் சத்தம், மேலே நான் தட்டுகளை எண்ணிக்கொண்டிருப்பேன். என் பழைய எழுத்து வரிசையை மட்டும் பிளாப்பியிலிருந்து சிடிக்கும், சிடியிலிருந்து கணினிக்கும் மாற்றி மாற்றிக் காப்பாற்றி வந்தேன். நகையைக்கூட நான் அப்படிப் பத்திரப்படுத்தியதில்லை.

தலை பாதி நரைத்த பிறகு ஒரு நாள் படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் அவர். ஓய்வு பெற்று, இளைத்து, கையில் ஒரு பாட்டில் தண்ணீர்.

"போர் தண்ணி நாறுதும்மா" என்றார். "அழுகின முட்டை நாத்தம். வயித்துல எப்பவும் ஒரு இரைச்சல். அமெரிக்காவுலேருந்து பொண்ணு தினம் சண்டை போடறா. தஞ்சாவூர்ல ரெண்டு எடத்துல குடுத்தேன், ஒண்ணும் இல்லைங்கறான். நீ பாத்தா சரியா இருக்கும்."

இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு, வயிற்று இரைச்சலுக்குப் பயந்து வந்தது. எந்தப் போர் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாதா?

நானே போய்க் கேன் கேனாகத் தண்ணீர் பிடித்து வந்தேன். கேடு செய்யும் கிருமி உண்டா என்று முறைப்படி தட்டில் பார்த்தேன், ஒன்றும் இல்லை. கெட்ட உப்பு, உலோகம் எதுவும் இல்லை. பிறகு மிச்சத் தண்ணீர் முழுவதையும் வடிகட்டி, வடிதாளிலிருந்து டிஎன்ஏவை உருவி பெங்களூருக்கு அனுப்பினேன். இப்போதெல்லாம் முடிவு மின்னஞ்சலில் வந்துவிடுகிறது. பழைய வரிசையைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். ஓர் எழுத்து மாறவில்லை. வேறு வருஷம், வேறு குழாய், வேறு இயந்திரம், அதே ஆள். அதற்குள் அதன் சொந்தக்காரர்கள் வேறு தேசத்து வயல்களிலும் தென்பட்டிருந்தார்கள். இன்றுவரை ஒருவரும் அதை வளர்த்ததில்லை. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து குதித்தேன். கீழேயிருந்து பாத்திரக்கடைக்காரர், "மேடம், என்னாச்சு? கூரை உதிருது!" என்று கத்தினார்.

முடிவுகளைப் பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். காலை பத்து மணி வெயில். வடகிழக்கு மூலையில் போர் மோட்டாருக்கு மேல் சின்னக் கூரை போட்டு, அதற்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. அவர் கூடத்தில் காத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, ஏதாவது வந்துச்சா?"

"தட்டுல ஒண்ணுமே வரலை சார்."

"அப்ப இந்த நாத்தம்?"

"வேற மாதிரி பாக்கலாம் சார். டிஎன்ஏ எடுத்து." மனசாரத்தான் சொன்னேன். அந்த ஒரு வாய்ப்பை அவருக்குக் கொடுத்தேன்.

அவருக்குச் சட்டென்று பழைய முகம் வந்துவிட்டது. "இன்னும் அந்தப் பேய் புடிக்கிற வேலையை விடலையா நீ? தட்டுல வரலைல? வளராதது இல்லாதது. அப்ப தாராளமா குடிக்கலாம்ல?"

"நானே குடிக்கிறேன் சார்."

அவர் மனைவி குழாயிலிருந்து இரண்டு டம்ளர் பிடித்து வந்து வைத்தார். மாமா வயலின் அதே நாற்றம். நான் பாதி டம்ளர் குடித்து வைத்தேன். அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு சிரிக்கவும் செய்தார்.

நான் பையிலிருந்து பழைய வரிசை, புது வரிசை இரண்டு தாளையும் எடுத்து அவர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவருக்குப் படிக்கத் தெரியாதது இல்லை. விரல் முதல் வரியில் ஓடி, இரண்டாவது வரியில் ஓடி, மூன்றாவதிலிருந்து மறுபடி முதல் வரிக்குப் போனது.

"என் அத்தியாயம் சார்" என்றேன். "இப்ப உங்க வயித்துல இருக்கு. அங்கயாவது வளருதான்னு பாத்துச் சொல்லுங்க."

"இது... இது என்னம்மா பண்ணும்?"

"யாருக்கு சார் தெரியும்? வளத்துப் பாத்தாத்தானே தெரியும்."

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. கைகழுவும் தொட்டிக்கு ஓடித் தொண்டைக்குள் விரலை விட்டுக் குமட்டினார். மனைவி பதறிப்போய் ஓடி முதுகைத் தடவினார். "என்னங்க, என்னங்க ஆச்சு?"

"உள்ள இருக்குடி" என்று கத்தினார். "ஐயோ, இருக்கு, உள்ள இருக்கு!"

அதைக் கேட்கத்தான் வந்தேன். டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.